முதல் உறைபனிக்கு முன்னால்: மலைத்தோட்டத்துக்குப் பூவும் காயும் தேர்ந்தெடுப்பது எப்படி?

நீலகிரியில் ஆவணி பிறந்ததும் "தோட்டத்தில் இப்போது என்ன போடலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீடு மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா? அது தெரியாமல் விதை பாக்கெட்டைப் பிரிப்பதில் பயனில்லை. ஆவணி முதல் ஐப்பசி வரை இங்கே எதை நட்டாலும் அது கார்த்திகை, மார்கழிப் பனியைச் சந்தித்தே ஆக வேண்டும். அந்தப் பனியோ எல்லா வீட்டுத் தோட்டத்திலும் ஒரே மாதிரி இறங்குவதில்லை.

சமவெளிக்கு ஆடிப்பட்டம் என்றால் மலைக்குக் கணக்கு வேறு. நீலகிரி விவசாயிகள் ஆண்டை மூன்று போகமாகப் பிரிக்கிறார்கள். ஏப்ரல், மே வாக்கில் விதைப்பது கார்போகம். ஆகஸ்ட், செப்டம்பரில் விதைப்பது கடைபோகம். ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் பாய்ச்சி எடுப்பது நீர்போகம். நாம் பார்க்கப்போவது கடைபோகத்தை. விதைக்கும்போது மண்ணில் தென்மேற்குப் பருவமழையின் ஈரம் இருக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும். அது ஓய்ந்து மேகம் கலைந்ததும் பனி தொடங்கிவிடும். நான்கு மாதத்துக்குள் இந்த மூன்றையும் பார்க்கப்போகிற செடியைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

முதலில் பனியைப் புரிந்துகொள்வோம். ஐப்பசிக் காலையில் புல்லின் மேல் முத்து முத்தாக நிற்பது நீர்ப்பனி. அதனால் செடி சாகாது. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனமாகி, தண்ணீர் ஓடுவதுபோலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அங்கே புல் நுனியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனால் அதுதான் உறைபனி. ஆள் உயரத்தில் மாட்டிய வெப்பமானி 2, 3 டிகிரி காட்டும்போதே தரையில் வெள்ளை படிந்துவிடும். ஊட்டியில் குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்கள் முதலில் வெளுப்பது இதனால்தான். அதே ஊரில் சரிவின் நடுவே இருக்கும் வீட்டில் ஜெரேனியம் ஒன்றும் ஆகாமல் நிற்கும். கொடைக்கானலிலும் ஏரியை ஒட்டிய தாழ்வான பகுதியிலும் பிரையண்ட் பூங்கா பக்கமும்தான் முதலில் படிகிறது.

வழக்கமாக நவம்பர் பாதியில் தொடங்கி பிப்ரவரி வரை உறைபனிக் காலம். மழை நீடிக்கும் ஆண்டில் டிசம்பர் கடைசிவரைகூடத் தள்ளிப்போகும். தள்ளிப்போகும் என்று நம்பி நடுவது சரியல்ல. நவம்பர் 15 என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயரமும் கணக்கில் சேரும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,130, குன்னூர் சுமார் 1,850. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். குன்னூர், கோத்தகிரி ஊர்ப்பகுதிகளில் உறைபனி அபூர்வம். பள்ளத்தாக்குகளில் மட்டும் எட்டிப்பார்க்கும். அந்தக் கிழக்குச் சரிவுகளில் பெரிய பிரச்சினை வடகிழக்கு மழைதான். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் பெய்த மழையையும் சரிந்த மண்ணையும் இங்கிருப்பவர்கள் யாரும் மறக்கவில்லை. அங்கே தோட்டம் போடுபவர்கள் பனியைத் தாங்குமா என்பதற்கு முன்னால், வேரில் தண்ணீர் நின்றால் தாங்குமா என்று கேட்க வேண்டும். மேட்டுப்பாத்தி கட்டாயம். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் வடியும் என்பது உண்மைதான், ஆனால் மேல்மண்ணும் கூடவே போய்விடும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மலைக் காய்கறிகளும் பூக்களும் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. 1820களில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியில் குடியேறிப் பயிரிடத் தொடங்கியதிலிருந்து ஐரோப்பியப் பழக்கங்களும் சேர்ந்தே வந்துவிட்டன. அதனால் விதை பாக்கெட்டுகளும் ஆங்கிலத் தோட்டப் புத்தகங்களும் "இலையுதிர் காலத்தில் இதைச் செய், குளிர்காலத்தில் தோட்டத்தை மூடி வை" என்று சொல்வதை இங்கேயும் பலர் அப்படியே பின்பற்றுகிறார்கள். லண்டனில் டிசம்பர் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. வெளிச்சமே இல்லாததால் செடி தூங்கிவிடும். நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். மார்கழியிலும் ஊட்டியில் 11 மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு, நல்ல வெயிலும் உண்டு. குளிரைத் தாங்கும் செடி இங்கே குளிர்காலம் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நாம் தோட்டத்தை மூட வேண்டியதில்லை. மழை நின்றபின் தண்ணீர் ஊற்ற மறக்காமல் இருந்தால் போதும்.

சரி, இப்போது தேர்வுக்கு வருவோம். எந்தச் செடியைக் கையில் எடுத்தாலும் ஒரு கேள்வி போதும்: முதல் உறைபனி இறங்கும் ராத்திரி இந்தச் செடி எந்த நிலையில் இருக்கும்? அறுவடை முடிந்து தோட்டத்தை விட்டே போயிருக்குமா, பனியைத் தாங்கிக்கொண்டு நிற்குமா, அல்லது பூவும் பிஞ்சுமாக மாட்டிக்கொள்ளுமா?

பனி தொட்டால் போய்விடும் கூட்டத்தில் முதலில் நிற்பது பீன்ஸ். உறைபனிக்கு மறுநாள் விடியற்காலை பீன்ஸ் இலையைத் தொட்டுப் பாருங்கள். கண்ணாடிபோல விறைத்து இருக்கும், நிறம் மாறியிருக்காது. வெயில் பட்டுப் பனி உருகியதும் இலை முழுக்க நீர் கோத்துக் கரும்பச்சையாகும். இலைக்குள் இருக்கும் செல்கள் உடைந்து சாறு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். மதியத்துக்குள் துவண்டு, அடுத்த நாள் கருகித் தொங்கும். உருளைக்கிழங்கு, தக்காளி, குடமிளகாய், பூசணி, மேரக்காய் (சௌசௌ) கொடி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அதற்காக இவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. குத்துப் பீன்ஸ் ஊட்டிக் குளிரில் 70 முதல் 90 நாளில் பறிப்பு முடியும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் விதைத்தால் நவம்பர் தொடங்கும்போது வேலை முடிந்திருக்கும். செப்டம்பரில் விதைத்தால் காய் பிடிக்கும் நேரத்தில் பனி பிடிக்கும். ஒரு எச்சரிக்கை: பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள் கணக்கு பெரும்பாலும் கொஞ்சம் சூடான ஊருக்கானது. அதோடு இரண்டு மூன்று வாரம் கூட்டியே கணக்குப் போடுங்கள்.

உருளைக்கிழங்கைப் பற்றி என் கருத்து, புதிதாகத் தொடங்குபவர்கள் இந்தப் போகத்தில் அதை விட்டுவிடலாம் என்பதே. மூன்றரை நான்கு மாதம் ஆகும். நடுவே மழையும் மூடுபனியும் சேர்ந்தால் இலைக்கருகல் வரும், கடைசியில் உறைபனி. மேலும், கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961ல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் முட்டைக்கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். எங்கிருந்தோ வந்த கிழங்கை வீட்டுத் தோட்டத்தில் புதைத்தால் அதையும் சேர்த்துப் புதைக்கும் அபாயம் உண்டு. நட்டே ஆக வேண்டும் என்றால் குஃப்ரி சுவர்ணா போன்ற, நூற்புழுவைத் தாங்கும் ரகமாகப் பார்த்து, நம்பகமான விதைக்கிழங்காக வாங்குங்கள்.

பனியைத் தாங்குகிற கூட்டம்தான் கடைபோகத்தின் உண்மையான செல்வம். கேரட், பீட்ரூட், முள்ளங்கி, டர்னிப், நூல்கோல், முட்டைகோஸ், ப்ரோக்கோலி, பாலக், லீக்ஸ், பூண்டு, பிராட் பீன்ஸ் எல்லாம் இதில் அடக்கம். இவற்றில் பல, குளிர் ஏற ஏறத் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி உறையாமல் காத்துக்கொள்ளும். தை மாதக் கேரட் இனிப்பதன் காரணம் அதுதான்.

தோட்டத்துக்கே புதியவர் என்றால் முள்ளங்கியில் தொடங்குங்கள். ஒன்றரை, இரண்டு மாதத்தில் தட்டுக்கு வந்துவிடும். அக்டோபர் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைக்கலாம்.

கேரட்டுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் நன்றாக வந்தால் அந்த மகிழ்ச்சியே தனி. ஒரு முழ ஆழத்துக்கு மண்ணைக் கொத்தி, கல்லையும் வேரையும் பொறுக்கி எடுங்கள். பச்சைச் சாணம் போடக் கூடாது, கிழங்கு இரண்டாகக் கிளைத்துவிடும். நன்றாக மக்கிய தொழு உரம் மட்டும் போடுங்கள். விதை மிகச் சிறியது. ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு மணல் கலந்து, ஒரு சாண் இடைவெளியில் கோடு கிழித்துத் தூவி, மேலே விரல் நகக் கனத்துக்கு மண் போடுங்கள். அதன்மேல் பெரணி இலையோ காய்ந்த புல்லோ பரப்பிவிட்டால் அடைமழையில் விதை அடித்துக்கொண்டு போகாது. முளைக்க 10 முதல் 15 நாள் ஆகும். ஐந்தாம் நாளே ஒன்றும் வரவில்லை என்று மண்ணைக் கிளறாதீர்கள். முளை தெரிந்ததும் மூடாக்கை எடுத்துவிடுங்கள். மூன்று நான்கு இலை வந்தபின் செடிக்குச் செடி மூன்று விரல் இடைவெளி விட்டு மீதியைக் களைய வேண்டும். இங்கேதான் பலருக்கும் மனசு வராது. ஆனால் களையாத பாத்தியில் கிடைப்பது சுண்டுவிரல் கனத்தில் வேர் மட்டுமே. செப்டம்பரில் விதைத்தது ஜனவரியில் தயாராகும். அவசரமில்லை, மண்ணிலேயே விட்டு வேண்டியபோது பிடுங்கிக்கொள்ளலாம்.

முட்டைகோஸ், நூல்கோல், ப்ரோக்கோலி மூன்றையும் நாற்றாக வாங்கி நடுவது எளிது. காலிஃப்ளவர் மட்டும் கொஞ்சம் வேறு: இலை பனியைத் தாங்கும், பூ தாங்காது. பூ கட்டத் தொடங்கியதும் சுற்றியுள்ள இலைகளை மடித்துக் கட்டிவிட வேண்டும். பட்டாணியும் அப்படியே, செடிக்கு ஒன்றும் ஆகாது, பூவும் பிஞ்சும் கருகும். ஆகஸ்டில் விதைத்துப் பனிக்கு முன்னால் பறித்துவிடுங்கள். அல்லது டிசம்பர் பாதிக்கு மேல் விதையுங்கள், பூக்கும்போது பனி குறைந்திருக்கும்.

பூண்டை எல்லோரும் ஒரு பாத்தியாவது போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். அக்டோபர், நவம்பரில் நடலாம். தடித்த வெளிப்பல்லாகப் பார்த்து, கூர் முனை மேலே இருக்கும்படி இரண்டு அங்குல ஆழத்தில், நான்கு அங்குல இடைவெளியில் ஊன்றுங்கள். பூண்டு பல் பல்லாகப் பிரிவதற்கே குளிர் வேண்டும், ஆகவே மற்ற செடிகளுக்குப் பகையான பனி இதற்கு உதவி. பழனி மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மணத்துக்கும் காரத்துக்கும் இந்த மலைக்குளிரில் பங்குண்டு. காட்டுமாடும் பூண்டுப் பாத்தியை அவ்வளவாகத் தொடுவதில்லை. முட்டைகோசும் கேரட்டும் அப்படித் தப்பாது. கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானலில் ஊருக்குள்ளேயே காட்டுமாடு வருவது தெரிந்ததுதான். கிழங்கு வகைகளை முள்ளம்பன்றி ராத்திரியில் தோண்டும். வேலி இல்லாத இடத்தில் பெரிய பாத்தி போடாமல் வீட்டுச் சுவரை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

சுவர் என்றதும் வெயில் ஞாபகம் வருகிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். ஆகஸ்டில் வெயிலாக இருக்கும் வடக்குப் பக்கம் டிசம்பரில் வீட்டு நிழலில் கிடக்கும். குளிர்காலப் பாத்தியைத் தெற்குச் சுவரை ஒட்டிப் போடுங்கள். பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். வடக்குப் பக்கத்தில் நிழலைத் தாங்கும் பாலக், கொத்தமல்லி, லெட்டூஸ் போதும்.

மண்ணைப் பற்றியும் கொஞ்சம். மலையில் பெய்யும் மழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுவதால் இங்கே பெரும்பாலான மண் புளித்தது, அதாவது அமிலத்தன்மை உள்ளது. புளித்த மண்ணில் முட்டைகோஸ் குடும்பச் செடிகளுக்கு வேர் முண்டு முண்டாக வீங்கும் நோய் வரும். மதியத்தில் வாடி மாலையில் நிமிரும் முட்டைகோஸைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் அந்த வீக்கம் தெரியும். நடவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே டோலமைட்டோ விவசாயச் சுண்ணாம்போ கலந்துவிடுங்கள். ஒரே பாத்தியில் அடுத்தடுத்து இந்தக் குடும்பத்தை நடாதீர்கள். நூல்கோல், டர்னிப், முள்ளங்கி, ப்ரோக்கோலி எல்லாமே முட்டைகோசுக்குச் சொந்தக்காரர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இதே மண்புளிப்புதான் நம் ஊர் ஹைட்ராஞ்சியாவுக்கு அந்த நீலத்தைக் கொடுக்கிறது. புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். சுண்ணாம்பு போட்டால் இளஞ்சிவப்புக்கு மாறும். எனவே காய்கறிப் பாத்திக்குச் சுண்ணாம்பு தூவும்போது ஹைட்ராஞ்சியாப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூக்களுக்கும் கேள்வி அதேதான். மேரிகோல்டு, சால்வியா, ஜினியா, பிகோனியா, டேலியா ஆகியவை பனியில் கருகும். இவற்றை ஜூலை, ஆகஸ்டிலேயே நட்டுவிட்டால் ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் தோட்டம் நிறைந்திருக்கும். 1848ல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாம் சுற்றுலா சீசனுக்காக இப்படித்தான் முன்கூட்டியே நடுகிறார்கள். டேலியாவின் தண்டு கருகினாலும் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். ஏப்ரலில் திரும்பத் துளிர்க்கும்.

பனியிலும் நிற்பவை வேறு. பேன்சி, வயோலா, டையான்தஸ், கேலண்டுலா, ஆன்டிரைனம், ஸ்டாக், அலிசம், டெல்பினியம், ஸ்வீட் பீ. இவற்றின் நாற்றைச் செப்டம்பர், அக்டோபரில் நட்டால் பனிக்குள் வேர் பிடித்துவிடும். பேன்சி காலையில் உறைந்து தலை தொங்கும். செத்துவிட்டது என்று நினைப்போம், 10 மணி வெயிலில் எழுந்து நிற்கும். ஒன்றே ஒன்று நடுவதானால் எதை நடலாம் என்று கேட்டால் ஸ்டாக் என்பேன். சாயங்காலத்தில் வாசல் முழுக்க அதன் மணம் நிற்கும். செவ்வந்தி பகல் குறையும்போது தானாகப் பூப்பது. இப்போது மொட்டு விட்ட தொட்டியாக வாங்குவதே நல்லது.

பூவைத் தனியாகவும் காயைத் தனியாகவும் வைக்க வேண்டியதில்லை. முட்டைகோஸ் வரிசைக்கு இடையே அலிசம் நட்டால் அதன் தேனுக்கு வரும் மிதவை ஈக்களின் புழுக்கள் அசுவினியைத் தின்னும். முட்டைகோஸ் நாற்று நடுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு ஓரத்தில் ஒரு வரிசை கடுகு விதைத்தால், முட்டைகோஸைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி அதை விட்டுக் கடுகில் போய் முட்டையிடும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வெள்ளைக் கால்லா லில்லி பார்க்க அழகுதான், யார் கேட்டாலும் கிழங்கு கொடுப்பார்கள். ஆனால் அது நீலகிரியின் சதுப்பு நிலங்களில் இறங்கி, அங்கே இயல்பாக வளரும் செடிகளை நெருக்கிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் பூப் பூக்கும் ஸ்காட்ச் புரூம் புல்வெளிகளைப் பிடித்துவிட்டது. ஓடைக்கும் சோலைக்கும் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் இவற்றை நடாமல் இருப்பது மலைக்குச் செய்யும் பெரிய உதவி. ஏற்கெனவே இருந்தால் கிழங்கை ஓடைப்பக்கம் வீசாதீர்கள்.

நட்ட பிறகு செய்ய வேண்டியது அதிகமில்லை. அக்டோபருக்கு மேல் தழைச்சத்து உரம் அதிகம் போட வேண்டாம். இளந்தளிர் கிளம்பினால் பனிக்கு அதுதான் முதல் பலி. வானம் தெளிந்து காற்று நின்ற நாளில் மதியமே தண்ணீர் ஊற்றிவிடுங்கள், ஈரமண் சூட்டைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும். சாயங்காலம் நோஞ்சான் செடிகளை மூட வேண்டும். பூங்காக்களில் மிலார் செடியைக் கொண்டு மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் சாக்கோ பழைய புடவையோ போதும். நாலு குச்சி நட்டு, இலையில் படாமல் மூடுங்கள். பிளாஸ்டிக் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடமெல்லாம் கருகும். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். மூட மறந்து பனி படிந்துவிட்டால், வெயில் படுவதற்கு முன்பே பூவாளியால் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுங்கள்.

அப்படியும் ஃபியூஷியா, ஜெரேனியம் போன்றவை கருகினால் உடனே கத்தரியை எடுக்காதீர்கள். கருகிய கிளை உள்ளே இருக்கும் பச்சையை அடுத்த பனியிலிருந்து மறைக்கும். மாசி பிறந்து பனி விட்ட பிறகு தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். எங்கே பச்சை தெரிகிறதோ அதற்கு ஒரு விரற்கடை மேலே வெட்டினால் போதும்.